திரும்பிக் கிடக்கும் 3

பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி படிக்கிறான் என் அக்கா மகன். போன பெற்றோர் கூட்டத்தில் மிஸ் அக்காவிடம், "மிர்ரர் ரைட்டிங் இருக்குதுங்க, டிஸ்லெக்சியாவாக்கூட இருக்கலாம், எதுக்கும் ஒரு தெரபிஸ்ட்டைப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் நோட்டை எடுத்துவிட்டார். டிஸ்லெக்சியா என்றால் வாசிக்கக் கற்பதில் வரும் சிக்கல். சொன்னவருக்கு அரை நிமிஷம். கேட்ட அக்காவுக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. எனக்கு வாட்ஸப்பில் நோட்டின் போட்டோக்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. பட்டம் என்ற சொல்லை வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக எழுதியிருந்தான். 'ப' எப்படிப் பார்த்தாலும் 'ப'தான், அது தப்பித்தது. 'ட'வின் சுவர் வலப்பக்கம் போய், கால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. 'ம்'மின் சுழி இடம் மாறியிருந்தது, புள்ளி மட்டும் ஒழுங்காகத் தலைமேல். அடுத்த பக்கத்தில் 3, 7, அப்புறம் ஜேக்குவார்ப் படத்துக்குப் பக்கத்தில் ஜே, மூன்றும் திரும்பிக் கிடந்தன. கே, ஈ, எஃப் எல்லாம் சரியாக இருந்தன. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

சொந்தக்காரர்களுக்குத் தகவல் போனதும் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. ஒரு கட்சி, 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்துப் பையன் மாதிரிதான் இவனும், உடனே பார்க்கணும் என்றது. இன்னொரு கட்சி, லியனார்டோ டாவின்சியே இப்படித்தான் எழுதினாராம், பையன் பெரிய ஆளா வருவான் பாரு என்றது. சின்ன மாமா மட்டும், "நொட்டாங்கைப் பையனை அதட்டிச் சோத்தாங்கைக்கு மாத்தியிருப்பீங்க, அதான்" என்றார். பையன் பிறந்ததிலிருந்து சோத்தாங்கைக்காரன்.

லியனார்டோவைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடலாம். அவர் இடது கைக்காரர், பக்கம் பக்கமாக வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதி வைத்தது உண்மை. மையில் தொட்டு இடது கையால் நேராக எழுதினால் எழுதின வரி மேலேயே கை தேய்ந்து போகும், திருப்பி எழுதினால் தேயாது. ரகசியம் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கண்ணாடியைப் பிடித்தால் கலைந்துவிடும் ரகசியம் அது. எப்படியானாலும் ஐந்து வயசுப் பிள்ளை திருப்பி எழுதுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் எழுதத் தெரிந்து திருப்பி எழுதினவர்.

எனக்கு இதில் கொஞ்சம் தொழில் சம்பந்தம் உண்டு. திருப்பூரில் பனியனுக்கு லேபிள் அடிக்கும் யூனிட் ஒன்றில் டிசைன் பார்க்கிறேன். கழுத்துக்குப் பின்னால் சைஸும் பிராண்டும் துணியோடு துணியாக ஒட்டியிருக்குமே, அந்த வேலை. பிலிமில் எழுத்தைத் திருப்பி அடித்து, அதைத் துணிமேல் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால்தான் துணியில் நேராக விழும். "மிர்ரர் போட்டாச்சா?" என்பதுதான் எங்கள் இடத்தில் ஒரு நாளைக்கு அதிக தடவை கேட்கப்படும் கேள்வி. அதனால் திரும்பின எழுத்தைப் பார்த்து எனக்குப் பயம் வராது. ஆனால் அக்காவிடம் "பயப்படாதே" என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதைத் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

மாடு எந்தப் பக்கம் பார்த்தாலும் மாடு

காங்கேயம் காளை ஒன்று இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. அது திரும்பி வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. இரண்டும் வேறு வேறு காளை என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. டம்ளரின் விளிம்பு, செருப்பு, அம்மாவின் முகம், எதுவாக இருந்தாலும் பக்கம் மாறினால் பொருள் மாறாது என்றுதான் கண்ணும் மூளையும் பிறந்தது முதல் கற்று வைத்திருக்கின்றன. காட்டில் பாம்பின் தலை எந்தப் பக்கம் இருந்தாலும் அது பாம்பு என்று தெரிந்தவன்தான் பிழைத்திருப்பான். எழுத்து வந்து சில ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. மூளை அதற்கென்று தனியாக ஒரு இடத்தை ஒதுக்க அந்தக் காலம் போதாது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் இதைத்தான் சொல்கிறார்: முகத்தையும் பொருளையும் அடையாளம் காணும் பகுதிக்குப் பக்கத்தில், இடது மூளையின் பின்பக்க அடியில் ஒரு துண்டை வாசிப்பு எடுத்துக்கொள்கிறது, அந்தத் துண்டு அதுவரை பழகி வைத்திருந்த 'பக்கம் முக்கியமில்லை' என்ற பழக்கத்தை எழுத்து விஷயத்தில் மட்டும் விட வேண்டியிருக்கிறது. அதாவது பிள்ளை புதிதாகக் கற்பதை விட, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றை மறக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்ச காலம் ஆகாதா?

ஐந்து வயசு வாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் ஏதாவது ஒரு எழுத்தையோ எண்ணையோ திருப்பி எழுதுகின்றன, இடது கை வலது கை வித்தியாசம் அதில் பெரிதாக இல்லை. தாளின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அதன் பக்கத்தில் உன் பேரை எழுது என்றால், நன்றாக எழுதும் பிள்ளைகூட இடம் இல்லாததால் இடப்பக்கமாகத் திரும்பி முழுப் பேரையும் கண்ணாடியில் தெரிவதுபோல எழுதிவிடும். பட்டம் வலது ஓரத்தில் தொடங்கியது இப்படித்தான் இருக்க வேண்டும். முந்தின சொல் முக்கால் வரியை அடைத்திருந்தது.

3, 7, ஜே மட்டும் ஏன் என்பதற்கும் பதில் கிடைத்தது. பிரான்சில் ஜான் போல் ஃபிஷர் என்ற உளவியலாளர், பிள்ளைகள் எந்த எழுத்துகளைத் திருப்புகின்றன என்று வகை பிரித்துப் பார்த்தார். ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் பார்க்கின்றன. முதுகு இடப்பக்கம், கையும் காலும் வலப்பக்கம். இதை யாரும் சொல்லித் தராமலே பிள்ளை ஒரு விதியாக எடுத்துக்கொள்கிறது. பிறகு 3, 7, 9, ஜே, இசட் என்று இடப்பக்கம் பார்க்கும் சிலதுகள் வரும்போது அவற்றையும் அதே விதிப்படி வலப்பக்கம் திருப்பி விடுகிறது. ஒரு விதியைக் கண்டுபிடித்து ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற பிள்ளைக்கு நாம் சிவப்பு மையில் சுழிக்கிறோம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். இரண்டு கையிலும் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, சுவரில் ஒரே சமயத்தில் உங்கள் பேரை எழுதுங்கள். வலது கையை மட்டும் கவனியுங்கள், இடது கையை அதன் போக்குக்கு விடுங்கள். பலருக்கு இடது கை திருப்பித்தான் எழுதும். பக்கவாதத்தில் வலது கை விழுந்து இடது கையால் எழுத நேர்ந்தவர்களில் சிலர் கொஞ்ச நாளைக்குத் திருப்பி எழுதுவதை மருத்துவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். திருப்பி எழுதும் திறமை நம் எல்லோர் கையிலும் இருக்கிறது, மேலே ஒரு பழக்கம் போட்டு மூடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அய்யன் நோட்டை வாங்கின விதம்

இதையெல்லாம் போனில் சொன்னபோது அக்கா, "நீ சொல்றது சரிடா, ஆனா..." என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ஆனாவுக்குப் பின்னால் ஒரு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பையனையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

எங்கள் அய்யன் ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் மண்டி பில் புத்தகம், கோயில் நோட்டீஸ், எலக்சன் சமயத்தில் துண்டறிக்கை, இவைதான் வேலை. கம்ப்யூட்டர் வந்து ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போன பிறகு காட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் அக்கா நோட்டை நீட்டி, "பாருங்க, எப்படி எழுதியிருக்கான்னு" என்றாள். அழுகிற குரல்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டை வாங்கினார். ஒரு நொடி பார்த்தார். அப்புறம் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, மடமடவென்று படித்தார். "பட்டம். பம்பரம். படகு. நல்லாத்தானே எழுதியிருக்கான், இதுல என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிலிமைப் பார்த்துப் பார்த்துப் பழகின நானே அந்தப் பக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகத்தான் படித்திருந்தேன். அவர் ஏன் தலைகீழாகப் பிடித்தார் என்று கேட்டேன். "ஸ்டிக்குல கோத்தா இப்படித்தான் இருக்கும்" என்றார். விளக்கம் பிறகுதான் மெதுவாக வந்தது. ஈய எழுத்து எப்போதும் திரும்பினதாக வார்க்கப்பட்டிருக்கும், தாளில் பதிந்தால் நேராகும். கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக் என்ற எழுத்துக் கோக்கும் சின்னத் தட்டைப் பிடித்து, வலது கையால் கேஸ் என்ற அறை அறையான பெட்டியிலிருந்து எழுத்தைப் பொறுக்கி, இடமிருந்து வலமாகவே அடுக்குவார். ஆனால் எழுத்தின் தலை அவர் பக்கம் பார்த்திருக்கும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், விரலில் தட்டுப்படும், எது தலை எது கால் என்று அதை வைத்துக் கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்வார்கள். ஆக, கோத்த வரி கண்ணுக்குத் தெரிவது தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாக. கண்ணாடியில் தெரிவதுபோல எழுதின ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்தால் சரியாக அதே தோற்றம்தான் வரும். வருஷக்கணக்காக அவர் படித்துப் பிழை திருத்தின தோற்றம் அது. பேரன் ஈய எழுத்தில் எழுதியிருக்கிறான் என்றுதான் அவர் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

பையன் பக்கத்தில் வந்து நின்று, "அப்புச்சிக்கு மட்டும் படிக்கத் தெரியுதுங்கம்மா" என்றான். அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்புறம் அய்யன் சொன்ன ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அச்சடித்து முடித்த பிறகு எழுத்தைப் பிரித்து மறுபடியும் கேஸ் அறைகளில் போட வேண்டும். புதுப் பையன்களுக்கு முதலில் தருவது அந்த வேலைதான். "தமிழ் எழுத்தைப் பிரிக்கிறப்ப தொந்தரவு இல்ல. மூணு சுழி ணவும் ரெண்டு சுழி னவும் மாறும், அதும் கண்ணு அசந்தா மட்டும்தான். இங்கிலீஷ் கேஸ்லதான் அட்டூழியம். பேட்டுக்கு வர்ற பி, பென்னுக்கு வர்ற பி, டாகுக்கு வர்ற டி, குயினுக்கு வர்ற கியூ, நாலும் ஒரே குச்சி ஒரே வயிறு. ஒண்ணைத் தலைகீழாப் பாத்தா இன்னொண்ணு. எங்க மொதலாளிகிட்ட அதுக்குத்தான் அதிகமா ஏச்சு வாங்கினோம்."

தமிழ் மட்டும் படித்தவர்கள்

அய்யன் கேஸ் அறையில் கண்டதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டுக்காரர்களை வைத்தே. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர், ஈவ் டான்சிகருடன் சேர்ந்து 1998இல் ஒரு கட்டுரை, பிறகு 2003இல் தனியாக ஒன்று எழுதினார். சின்ன வடிவம் ஒன்றைக் காட்டி, பெரிய படம் ஒன்றுக்குள் இது இருக்கிறதா என்று கேட்பார்கள். சில படங்களில் அந்த வடிவம் இடவலம் திரும்பி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான், இருக்கிறது என்றார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். தமிழோடு ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான், இல்லை, இது திரும்பியிருக்கிறது, வேறு என்று அதிகமாகப் பிரித்துச் சொன்னார்கள்.

காரணம் எளிது. தமிழில் ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று ஆகிவிடும் எழுத்து ஜோடி கிடையாது. 'ட'வைத் திருப்பினால் அசிங்கமான 'ட'தான் வரும், வேறு எழுத்து வராது. அதனால் கண்ணுக்கு அந்தப் பாகுபாடு தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் திருப்பினால் சொல்லே மாறிவிடும். இதே பெடர்சன், தமிழ்க் கிராமங்களில் பலர் இடம் வலம் என்பதைவிட வடக்கு தெற்கு என்றே இடம் சொல்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். எங்கள் ஊருக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அம்மா வீட்டுக்குள்ளேயே "அந்த மேக்கால டப்பாவை எடு", "தெக்கால தள்ளி உக்காரு" என்றுதான் பேசும். வீட்டில் இப்படிப் பேசிப் பழகின பிள்ளையைப் பள்ளியில் மூன்றரை வயசில் உட்கார வைத்து இரண்டு எழுத்து முறையையும் ஒரே சமயத்தில் எழுத வைக்கிறோம். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தமிழிலும் வேறு விதமான திருப்பம் ஒன்று உண்டு, அதை நாம் கண்டுகொள்வதே இல்லை. கெ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க், அப்புறம்தான் எ. எழுதும்போது கொம்பு முதலில், 'க' பின்னால். கொ என்றால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. என் மருமகன் கெண்டை என்பதில் 'க' எழுதி அதன் பின்னால் கொம்பு போட்டிருந்தான். காதில் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறான், தப்பு என்று எப்படிச் சொல்வது? இப்போது செல்போனில் நாமும் க முதலில், கொம்பு பிறகு என்றுதான் தட்டுகிறோம், திரை தானாகக் கொம்பை முன்னால் தள்ளிக்கொள்கிறது. ஈரோட்டுக்காரரான பெரியார் 1935இல் குடிஅரசில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்து, 1978இல் அரசும் அதில் பெரும்பகுதியை ஏற்று, துதிக்கை வைத்த லை, னை எல்லாம் போயின. கொம்பு மட்டும் அப்படியே முன்னால் நிற்கிறது.

சரி, டிஸ்லெக்சியா?

இருக்கிறது. விளையாட்டான விஷயம் இல்லை. ஆனால் அதற்கும் திரும்பின எழுத்துக்கும் உள்ள முடிச்சு நூறு வருஷப் பழசு. 1925இல் அமெரிக்காவில் அயோவாவில் இருந்த சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர், மூளையின் இரண்டு பாதியிலும் எழுத்தின் நேர் உருவமும் கண்ணாடி உருவமும் இருக்கிறது, ஒரு பாதி அடங்காததால்தான் சில பிள்ளைகள் திருப்பிப் படிக்கின்றன என்றார். கேட்கும்போதே நம்பத் தோன்றும் விளக்கம், அதனால் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 1970களில் பிராங்க் வெல்லுடினோ என்பவர் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கும், இரண்டு தரப்புக்கும் தெரியாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதின. கண்ணில் கோளாறு என்றால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டுமே. சிக்கல் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது, சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பதிலும் எழுத்தோடு ஒலியை ஒட்டுவதிலும் இருக்கிறது என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளும் திருப்பி எழுதும், சில சமயம் மற்ற பிள்ளைகளைவிட அதிக காலம் எழுதும். ஆனால் ஐந்து வயசில் திருப்பி எழுதுகிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்கு இதில் கோபம் வருவது வேறு ஒரு காரணத்துக்காக. திருப்பி எழுதுகிற பிள்ளைகளையெல்லாம் தெரபிக்கு அனுப்பிவிட்டு, எழுத்து முத்து முத்தாக இருக்கிற, ஆனால் மூன்றாங் கிளாஸ் வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். உதவி தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உட்பட சலுகைகள் உண்டு. ஆனால் பத்தாங் கிளாஸ் வரை யாருக்கும் தெரியாமலே வந்துவிடுகிற பிள்ளைகள் அதை வாங்குவது எப்படி?

அக்காவிடம் இதையும் சொன்னேன். பையனைக் கூப்பிட்டு, பம்பரத்தில் முதல் எழுத்தை எடுத்துட்டா என்னடா மிச்சம் என்று கேட்டேன். "ம்பரம். அப்படி ஒரு வார்த்தையே இல்லீங்க மாமா" என்று பதில் வந்தது. படகுல? "டகு." கல்லும் பல்லும் ஒரே மாதிரி முடியுதா? "ஆமாங்க, சொல்லும் நெல்லும்கூட." கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறான். எனக்கு அது போதும். அக்காவுக்குப் போதவில்லை. கோயமுத்தூரில் ஒரு இடத்தில் அடுத்த மாதத்துக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை. காட்டிவிட்டு வருவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அவளுக்குத் தூக்கம் வந்தால் சரி. ஒரு சீட்டில் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒலியைப் பிரிக்கத் தெரிகிறதா என்று பார்த்தீர்களா, தமிழிலும் பார்த்தீர்களா இல்லை இங்கிலீஷில் மட்டுமா, இந்த வயசில் எவ்வளவு திருப்பம் சாதாரணம் என்று கணக்கில் எடுத்தீர்களா. அய்யன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னார். "நாலு வயசுப் பையன் கையில பென்சிலக் குடுத்து நாலு வரி நோட்டுல எழுதச் சொன்னது யாருன்னும் கேட்டுட்டு வரச் சொல்லு."